இடப்பக்கத்து ஸ்பீக்கர்

படகின் பெயர் சில்வர் பாம்ஃபிரட்.
தமிழில் என்ன, என்று கேட்டார் திரு. குவெக்.
வௌவால், என்றேன்.
மரத்தில் தலைகீழாய்த் தொங்குமே, அதற்கும் அதே பெயர்.
"மீனுக்கும் அதுக்கும் ஒரே சொல்லா? சிக்கனக்காரர்கள்!"
சாங்கியில் இறங்கிய விமானம்
அவர் சிரிப்பின் பிற்பாதியை எடுத்துக்கொண்டு போனது.

எண்பத்தொன்பதில் வாங்கிய படகு.
இடப்பக்கம் பாடுவதில்லை என்பது புகார்.
புகார்கூட அவருடையதில்லை,
போன மாதம் மீன் பிடிக்க வந்த மருமகன் சொன்னது.

என் கை சின்னது. வளையல் நிற்காத கை.
அதனால் இந்த மாதிரி வேலையெல்லாம் எனக்கே வரும்.
ஹைருலின் தோள் நுழையாத பொந்துக்குள்
தலையையும் ஒரு கையையும் விட்டுக்
குப்புறப் படுத்தேன்.
மிதவைச் சட்டைகள், ஒற்றைச் சாப்ஸ்டிக்,
தொண்ணூற்று நாலாம் வருடத்துப் பார்க்கிங் கூப்பன்,
இவற்றுக்கெல்லாம் பின்னால்
கம்பி.

உறையை இரண்டு அங்குலம் உரித்தேன். கறுப்பு.
இன்னும் இரண்டு. கறுப்பு.
ஓரடி போயும் செம்பு தன் நிறத்தைக் காட்டவில்லை.
உப்பு வெளியே நின்று கடிக்கவில்லை,
உறைக்குள் புகுந்து
இழை இழையாய் நடந்திருக்கிறது.

நடுவே ஓர் ஒட்டு.
வீட்டுச் சுவருக்குள் போடும் திருகுமூடி,
அதன்மேல் பிளாஸ்டர், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர்.
யார் செய்தது, என்று பொந்துக்குள்ளிருந்தே கத்தினேன்.
"நான்தான்."
பல் டாக்டர். முப்பது வருடம்
ஊர்ப் பல்லெல்லாம் வெள்ளி வைத்து அடைத்தவர்.

பழைய கம்பியின் வாலில் புதியதைக் கட்டி
மெல்ல இழுப்பது முறை.
போவது வருவதற்கு வழிகாட்டும்.
கேட்க நன்றாக இருக்கும்.
பாதியில் அறுந்தது.
ஹைருல் மலாயில் திட்டினான், நான் தமிழில்.
எட்டு வருடக் கூட்டு வேலை,
ஒருவர் கெட்ட வார்த்தை இன்னொருவருக்கு மனப்பாடம்.

டீசல் தொட்டிக்குப் பின்னால்
நைலான் பட்டையை விட்டுத் துழாவி,
முட்டி, வளைந்து, மறுபடி முட்டி,
மூன்றரை மணிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது நுனி.
வெள்ளீயம் பூசிய புதுக்கம்பி. அடிக்கொரு கிளிப்.
இரண்டு முனையிலும் கைவிரல் நீளம்
உபரி விட்டேன், அடுத்து வருகிறவருக்கு.

சுவர்க்கடிகாரத்துப் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன்.
டொப்.
கூம்பு முன்னால் வந்தது.
பின்வாங்கியிருந்தால் பிளஸ் மைனஸ் மாறிப்போச்சு என்று பொருள்.
வந்தது. சரி.

மாண்டரின் வானொலி, ஏதோ பழைய பாட்டு.
மேசைமேல் கோப்பி ஓ பை நடுங்கியது.
எப்படி, என்றேன்.
"வலது பிரமாதம். இடது இன்னும் வரலையே, ஆமி."
(அமுதவல்லி. அவர் வாய்க்கு ஆமி.)

மறுபடி படுத்தேன். எல்லா முனையும் இறுக்கமாகத்தான் இருந்தது.
எழுந்து, பேலன்ஸ் குமிழை
முழுக்க இடப்பக்கம் திருப்பினேன்.
இப்போது வலது ஊமை. ஹைருல் காதை ஒட்டிப் பார்த்தான். ஊமைதான்.
"பார்," என்றார் திரு. குவெக்,
விரல் நீட்டி,
"வலது எவ்வளவு சுத்தமா இருக்கு."

விமானம் ஒன்று வந்தது, நல்லவேளை.
அது போகும்வரை யாரும் எதுவும் பேசத் தேவைப்படவில்லை.

பிறகு அவர் கையைப் பிடித்து
வலதின் வலைமேல் வைத்தேன்.
செத்த பலகை.
இடதின்மேல் வைத்தேன்.
உள்ளங்கையில் ஒரு பெண் பாடினாள்.

"டிரில்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து.
"முப்பது வருடம்."
இன்னும் கொஞ்ச நேரம் கழித்து:
"அந்த இன்னொரு வௌவால்,
அது காதை வைத்துத்தானே பறக்கும்?"
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

பில்லில் இடது, வலது, இரண்டு வரி.
இரண்டுக்கும் எண்ணிக் கொடுத்தார்.
செத்த கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு
மிதவைப் பாலத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோதும்
கையை அவர் எடுத்திருக்கவில்லை.
பாட்டு முடிந்து செய்தி.
தீவு விரைவுச்சாலையில் நெரிசல்.
அதையும் தொட்டுக்கொண்டிருந்தார்.